வெறும் வீச்சு

டிபன் பாக்ஸ் மூடியை நைலான் நூலில் கட்டி
முட்டுக்காடு பாலத்தடியில் இறக்குவேன்.
வெள்ளி மினுக்கு எந்த முழத்தில் மறைகிறதோ
அது அன்றைய தெளிவு.
வாரம் ஆறு நாள் குடிநீர் வாரியத்தில்
கண்ணாடிக் குப்பியில் கலங்கல் பார்க்கிறவளுக்கு
ஞாயிற்றுக்கிழமை இந்த மூடி போதும்.

நோட்டில் கட்டங்கள்:
ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா,
காற்று வாடையா கச்சானா,
பொய்மீனின் நிறம், எடை, அது ஓடும் ஆழம்,
எத்தனை வீச்சு, எத்தனை மீன்.
கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு சுழி.

முதல் வீச்சுக்கு முன்
ஆளுக்கொரு எண்ணை
பஸ் டிக்கெட்டின் முதுகில் எழுதிக்கொள்வோம்,
நானும் யாகூபும்.
நான் எழுதுவது 0.7.
"புள்ளிக்கு அப்புறம் வர்றது தலையா, வாலா மேடம்?"
அவர் எழுதுவது எப்போதும் இரண்டு.
தோற்றவர் கோவளம் திருப்பத்தில் பஜ்ஜி வாங்க வேண்டும்.
சுழிக்குப் பக்கத்தில் நிற்பது நான்தானே என்று
ஒவ்வொரு வாரமும் வழக்காடி
ஒவ்வொரு வாரமும் சாப்பிட்டேன்.

செந்தலை வெள்ளை தெளிந்த தண்ணீருக்கு,
பொன்னிறம் தேநீர்த் தண்ணீருக்கு,
ரப்பர் இறால் எதற்கும் என்பது என் நோட்டு.
யாகூபுக்கு ஒரே வேதம், பச்சை முதுகு.
"இருபத்தஞ்சு வீச்சுக்கு ஒரு கொடுவா. எழுதியே வெச்சிருக்கேன்."
அவர் பேச்சைக் கேட்டு மூன்று வாங்கினேன்,
ஒன்று நானூற்று எண்பது.
அதில் ஒன்று இன்னும்
மூன்றாம் தூணின் பழைய வலையில் தொங்குகிறது,
ஓதம் ஏறும்போது நீந்துகிறது.

ஐப்பசியில் அவர் நோட்டை இரவல் வாங்கினேன்,
இரண்டையும் சேர்த்து ஒரு வாய்பாடு போடலாமென்று.
முந்நூறு வீச்சு, பன்னிரண்டு மீன்.
கணக்கு சரி.
ஆனால் ஒரு சுழிகூட இல்லை.
பங்குனிக்குப் பிறகு பக்கம் புரட்டினால்
நேராக ஆடி.

"நடுவுல வரவே இல்லையா?"
"வந்தேனே. தெனமும்."
"அப்ப ஏன் எழுதல?"
"ஒண்ணும் மாட்டல. மாட்டாததை எப்படி எழுதுறது?"

தினமும் என்றால்?
ரீலின் கைப்பிடியை எண்ணெய்த் துணியால்
துடைத்துக்கொண்டே சொன்னார்.
அம்பத்தூரில் கம்பெனி சட்டரை இறக்கியிருக்கிறார்கள்.
வீட்டில் சொல்லவில்லை.
காலை ஏழரைக்கு சாப்பாட்டுப் பையோடு கிளம்பி
எதிர்த் திசையில் பஸ் ஏறியிருக்கிறார்.
அறுபத்தெட்டு நாள்.
ஒரு நாளைக்கு அறுபது வீச்சு இருக்கும்.
"பச்சைதானா?"
"ஜெயிச்ச குதிரையை எவன் மேடம் மாத்துவான்?"

பாலத்தின் நிழலில் உட்கார்ந்து போட்டேன்.
நாலாயிரத்து எண்பதோடு முந்நூறு,
பன்னிரண்டால் வகுத்தால்
முந்நூற்று அறுபத்தைந்து வீச்சுக்கு ஒன்று.
இவ்வளவு அழகாக விடை வந்தால்
ஆய்வகத்தில் குப்பியைக் கழுவிவிட்டு
மறுபடி அளப்போம்.
மறுபடி போட்டேன். அதேதான்.

பச்சை முதுகின்மேல் பழி போட மனம் வரவில்லை.
சித்திரை வைகாசியில் முகத்துவாரம் மணல்மூடிக் கிடந்தது.
கடல் உள்ளே வராத தண்ணீர்
உப்பேறி, சூடேறி, அசையாமல் இருந்திருக்கும்.
அந்தத் தண்ணீருக்கு எந்த நிறமும் ஒன்றுதான்.
அவர் நோட்டில் ஒரு கட்டம் புதிதாகக் கோடு போட்டு
தலைப்பிட்டேன்: வாய் திறப்பு.
அதன்கீழே அறுபத்தெட்டு வரிசையிலும்
"மூடியது" என்று எழுதினேன்.
மீனுக்கான கட்டத்தில் சுழிகளை
அவரையே போடச் சொன்னேன்.
முதல் பத்தை வேகமாகப் போட்டார்.
அப்புறம் ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தது.
ஒரு இடத்தில் நிறுத்தி,
"இன்னிக்கு மழை" என்றார்.
மழை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

நேற்றைய மழையில் மணல் உடைந்திருக்கிறது.
கடல் சத்தத்தோடு உள்ளே வருகிறது.
மூடியை இறக்கினேன், ஒரு சாணில் காணோம்.
இந்தக் கலங்கலுக்கு என் நோட்டு சொல்வது 0.2.
டிக்கெட்டில் எழுதினேன்.
யாகூப் தன்னுடையதை மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், காட்டவில்லை.
பச்சை முதுகை முடிந்தார், பல்லால் நூலை அறுத்தார்,
தோளுக்குப் பின்னால் கழியைச் சாய்த்து
சத்தமாகச் சொன்னார்:
"நாலாயிரத்து முந்நூத்தி எண்பத்தொண்ணு."